பெட்டி மாமா சொன்ன அஞ்சு மணி நேரம்

அம்மாவின் அண்ணனுக்கு எங்கள் வீட்டில் ‘பெட்டி மாமா’ என்றுதான் பேர். பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே கட்டில் அகலத்தில் அவர் கடை. பயணப்பெட்டிக்குச் சக்கரம் மாற்றுவார், ஜிப் தைப்பார், பூட்டின் எண்ணை மறந்தவர்களுக்குத் திறந்து கொடுப்பார். அந்தக் கடையின் ரப்பரும் பசையும் கலந்த வாசனை, எந்த விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்து நின்றாலும் இன்றைக்கும் எனக்கு வந்துவிடுகிறது.

மாமா விமானம் ஏறியதே இல்லை. ஆனால் பெட்டியைப் புரட்டிப் பார்த்தே தூரம் சொல்லுவார்.

“சக்கரம் போயிருந்தா ரெண்டு விமானம் மாறி வந்திருக்கு. ஜிப் போயிருந்தா அது தூரத்தால இல்ல, சொந்தக்காரங்க ஜாஸ்தி.”

எனக்குக் குழந்தை பிறக்க இருந்த சமயம். இங்கே வெளிநாட்டில் நானும் கணவரும் மட்டும்தான். அம்மா பக்கத்தில் இல்லாமல் எப்படி என்று எனக்கு ஒரே பயம். அவளுக்கோ லிஃப்டில் நாலு மாடி ஏறினாலே கை வேர்க்கும். “அஞ்சு மணி நேரத்துக்கு மேல கதவு சாத்தின இடத்துல என்னால உட்கார முடியாது” என்று சொல்லிவிட்டாள். நேர் விமானமே பதினாலரை மணி நேரம். டிக்கெட்டை மாமாவுக்கு அனுப்பிவிட்டு, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தேன்.

மறுநாள் அம்மா கடைக்குப் போனாள். பசை டப்பாவில் சாய்த்து வைத்த ஃபோனில் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா டிக்கெட்டை உரக்கப் படித்தார்.

“விடிகாலை அஞ்சுக்குக் கிளம்புது. காலைல பத்துக்கு இறங்குது. அஞ்சு மணி நேரம். போதுமா?”

“நிஜமாவா அண்ணா?”

“நானா அச்சுப் போட்டேன்? இந்தா, நீயே படி. உன் நாத்தனார் வீட்டுக்கு பஸ்ல போறியே, அதைவிடப் பக்கம். அங்க போனா தண்ணிகூடக் கேட்டாதான் வரும். இங்க சோறே போடுறான்.”

ரெண்டு ஊர்க் கடிகாரமும் ஒரே மணிதான் காட்டும் என்று நம்புகிறாரா இவர்? “மாமா, அது வந்து...” என்று ஆரம்பித்தேன்.

“நீ சும்மா இரு. பிள்ளைத்தாச்சி ரொம்பப் பேசக் கூடாது.”

அதை நம்பியே அம்மா விமானம் ஏறிவிட்டாள். நான் கணினித் திரையில், அவள் விமானம் போகும் வழியைக் காட்டும் வரைபடத்தில், அந்தக் குட்டி விமானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது கடல்மேல் நகர்வதாகவே தெரியவில்லை.

விமான நிலையத்தில் அம்மா கசங்கிய புடவையோடு, மாமா புதுச் சக்கரம் போட்டுக் கொடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வந்ததும், “ஃபோனைக் குடு” என்றாள்.

“அண்ணா! அஞ்சு மணி நேரம் ஆச்சேன்னு பையை எடுத்துக்கிட்டு எழுந்து நின்னேன். பக்கத்து சீட்டுப் பொண்ணு, இன்னும் ஒன்பது இருக்கு ஆன்ட்டிங்கறா! நடு வானத்துல எங்கன்னு இறங்குவேன்?”

“லேட்டா வந்துச்சா?”

“உன் தலை! அங்க மணி என்ன?”

“எட்டரை. கடை சாத்துறேன்.”

“இங்க பகல் பதினொண்ணு!”

“அப்படியா? அந்த ஊர்க் கடிகாரத்தை ரிப்பேருக்குக் குடுக்கச் சொல்லு. எனக்குப் பெட்டிதான் தெரியும்.”

திட்ட வாயெடுத்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கையில் ஃபோன், இன்னொரு கை என் வயிற்றின்மேல். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

நாள் முழுக்க வெளிநாட்டுப் பெட்டிகளோடு புழங்கிய மனுஷர். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா, கண்ணை மூடும்வரை மாமா பிடி கொடுக்கவில்லை.

அதன்பிறகு அம்மா பலமுறை வந்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் ஏறுவதற்கு முன் கேட்பாள்.

“எத்தனை மணி நேரம்டி?”

“அஞ்சும்மா.”

“ம், பக்கம்தான்.”

வழியெல்லாம் அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டு வருகிறாள். திரையில் அந்தக் குட்டி விமானத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான்.