உப்பின் மேல் பழி

குவாம் தீவில் எது கெட்டாலும் பழி உப்புக் காற்றின் மேல்தான். கதவுக் கீல் இறுகினால் உப்பு. துணிக்கம்பி அறுந்தால் உப்பு. டெடெடோவில் இருக்கும் இக்னாசியோவின் டயர் கடையிலும் அதே கதைதான். டயர் மாற்றும்போது சக்கரத்துக்குள் வால்வோடு ஒட்டி இருக்கும் காற்றழுத்த சென்சாரை மெஷினில் நசுக்கிவிடுவார்கள். பிறகு அதைத் துடைத்து எடுத்து வந்து, "உப்பு அரிச்சிருச்சுங்க" என்பார்கள். வண்டிக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் புதிது போடச் சொல்வார்.

ரெமேதியோஸ் இதைப் பல வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறாள். கல்லாவுக்குப் பின்னால் போட்ட, ஒரு கால் குட்டையான ஸ்டூல் அது. போன் எடுப்பது, சாவி வாங்கி மாட்டுவது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் செய்கிற வேலையைப் பார்ப்பது, இதுதான் அவள் வேலை. இக்னாசியோ அவளுடைய அம்மாவின் தம்பி. "பொம்பளைக்கு மெஷின் எதுக்கு ரெமே? விரல் போச்சுன்னா உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று, அவள் மெஷின் வேலை கேட்கும் ஒவ்வொரு முறையும் மடக்கிவிடுவார்.

அவள் மடங்குகிற ஆள் இல்லை. புருஷன் பிழைப்புத் தேடி கலிபோர்னியாவுக்குக் கிளம்பினபோது, "நீ போய்ட்டு வா. எனக்கு இந்தக் கடல் போதும்" என்று விமான நிலைய வாசலில் கையை ஆட்டிவிட்டுத் திரும்பியவள். அவன் வரவில்லை. அவளும் போகவில்லை. கடையில் ஒருவன் வேலையை விட்டுப் போன அன்று மாமா வாயைத் திறப்பதற்குள் அவன் கையுறையை மாட்டிக்கொண்டு மெஷின் முன்னால் நின்றுவிட்டாள்.

மாமா ஸ்டூல் பக்கம் கை காட்டிப் பார்த்தார்; அவள் நகரவில்லை. கடைசியில், "சரி. ஆனா ஒரு சென்சார் உன் கையால உடைஞ்சுது, மறுபடி ஸ்டூலுக்குப் போயிடணும்" என்றார்.

"சரி மாமா."

மற்ற யாருக்கும் இல்லாத சட்டம் அது. அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

முதல் நாளே அவள் ஒரு காரியம் செய்தாள். சக்கரத்தைக் கழற்றும் முன்பே, வண்டிக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, சென்சாரைச் சோதிக்கும் கருவியை ஒவ்வொரு வால்வாகக் கொண்டுபோனாள். அது கீச்சிட்டால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். நாலு முறை கீச்சிட்டதும், "நாலும் பேசுதுங்க. திருப்பிக் குடுக்கறப்பவும் நாலும் பேசணும்" என்று உரக்கச் சொன்னாள். வால்வின் பழைய ரப்பர் வளையத்தையும் நட்டையும் வீசிவிட்டுப் புதிது போட்டாள். அந்த வளையம் காய்ந்துபோனால்தான் காற்று கசியும். இந்த ஊர் ரோட்டில் பவளக்கல் கலந்திருக்கிறது. மழை பெய்தால் எண்ணெய் தடவின தட்டு மாதிரி வழுக்கும். காற்று இறங்கின டயரோடு அதில் போகிறவர் பாடு அவருக்குத்தான் தெரியும்.

அடுத்த மெஷினில் நிற்கும் கின் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சிரிப்பான். "பூசை ஆரம்பிச்சாச்சா அக்கா? நாங்க ஆமென் சொல்லணுமா?"

"நீ பாவசங்கீர்த்தனம் பண்ணு. அது போதும்."

சிரித்தாலும் அவனுக்கு எரிச்சல்தான். இப்போது வண்டிக்காரர்கள் அவனிடமும், "என்னுதும் பேசுதான்னு பாருப்பா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மாமா அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதெல்லாம் உள்ள வச்சு சத்தமில்லாம பாத்துக்கோயேன். எல்லார் முன்னாடியும் எதுக்குக் கத்தற?"

"எல்லார் முன்னாடியும் பாக்கலன்னா, அத பாத்து என்ன பிரயோஜனம் மாமா?"

அவர் முறைத்தார். அவளும் பார்வையை இறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை விடியும்போதே மழை. சந்தைக்கு வந்த பாதிப் பேர் கடையில்தான் ஒதுங்கி நின்றார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் தைமங்லோ அக்காவின் கார் ரெமேயிடம் வந்தது. நாலும் பேசின. இரண்டு சக்கரம் நல்லபடியாக முடிந்தது. மூன்றாவதை மெஷின் பலகையில் சாய்த்தபோது கின், "சீக்கிரம் அக்கா, பூசைய முடிச்சுட்டு சாமியார் கிளம்பிடுவாரு" என்றான். பதில் சொல்லத் திரும்பினாள். கால் மட்டும், டயரை அமுக்கிப் பிரிக்கிற மிதியை அழுத்திவிட்டது. வால்வு எங்கே இருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை.

நண்டு ஓட்டை மிதித்தது போல ஒரு சத்தம்.

டயரை விலக்கிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. கின்னும் கேட்டுவிட்டான். அருகில் வந்து, முதல் முறையாகக் கேலி இல்லாத குரலில், "உப்புன்னு சொல்லிடு அக்கா. நான் எதையும் பாக்கல" என்றான்.

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் கஷ்டமாக இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் அந்த ஸ்டூல் தெரிந்தது. இப்போது அதன்மேல் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது அப்படியே கிடக்கும்.

அவள் இரண்டாக உடைந்த சென்சாரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தாள்.

"அக்கா, நாலும் பேசுதுன்னு சொன்னேன்ல? மூணாவது செத்துப்போச்சு. உப்பு இல்ல. நான்தான் உடைச்சேன். புதுசு கடைப் பொறுப்பு."

தைமங்லோ அக்கா அந்தத் துண்டுகளைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "அப்ப நீயே மாட்டிக் குடு. வேற யாரும் தொடக்கூடாது."

பின்னால் நின்ற ஒருவர் இக்னாசியோ பக்கம் திரும்பினார். "போன மாசம் என்னுது உப்புன்னீங்களே?"

"என் தங்கச்சி வண்டிக்கும் உப்புதான்" என்றது இன்னொரு குரல்.

மாமாவின் காது சிவந்துவிட்டது. "ரெமே! பேசுனபடி ஸ்டூலுக்குப் போ!"

"போறேன் மாமா. இந்தச் சக்கரத்த முடிச்சுட்டுப் போறேன்." அவள் கையுறையை இறுக்கிக்கொண்டாள். குரலைத் தணிக்கவில்லை. "உடைச்சவங்க எல்லாருக்கும் ஸ்டூல்தான்னா, இருக்கறது ஒண்ணே ஒண்ணு. முதல்ல உடைச்சது யாருன்னு கேட்டு, அவங்கள உக்கார வைங்க. நான் வரிசையில நிக்கறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கூரையில் மழை கொட்டியது. கின் தரையைப் பார்த்தான். பிறகு வாயில் இருந்ததை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, அவளுடைய நாலாவது சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்தான்.

அவள் புது சென்சாரைப் பொருத்தி, காரின் கணினிக்கு அதை அறிமுகப்படுத்தி, அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சந்தை வரை ஓட்டிப்போய்த் திரும்பினாள். காற்றழுத்தக் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரியவில்லை.

திரும்பி வந்தபோது கல்லாவில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் ஸ்டூலைப் பார்த்தாள். செய்தித்தாள்கள் கீழே கிடந்தன. குட்டைக் கால் ஆடாமல் இருக்க முழங்காலை ஊன்றிக்கொண்டு மாமாவே அதில் உட்கார்ந்து, போனை எடுத்துக் காதில் வைத்தபடி, அவளைப் பார்க்காமல் அடுத்த வண்டியின் சாவியை அவள் பக்கம் தள்ளினார்.

ரெமே கருவியை எடுத்துக்கொண்டு போய், சாவிக்காரரைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று கீச்சிட்டன. நாலாவது வாயே திறக்கவில்லை. வால்வின் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நகத்தால் சுரண்டினாள்.

"மூணு பேசுது. ஒண்ணு முன்னாடியே செத்துக் கிடக்கு" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "இது நெஜமாவே உப்புங்க!"