தறப்பாளுக்குள் மூச்சடைத்த நெல்

பரமேஸ்வரன் மாஸ்டர் ஓமந்தையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கலச் சுவாசம் என்ற பாடத்தை அவர் நடத்தினால், யன்னலில் இருக்கும் காகமும் மூச்சை ஒருமுறை ஆழ இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பறக்கும். கோயில் சபைச் செயலாளர். கள் குடித்த எவரும் குடியின் கேடு பற்றிய அவருடைய விரிவுரையைக் கேட்காமல் வீடு போய்ச் சேர்ந்ததில்லை.

சிறுபோக விதைப்புக்குக் குளத்தைத் திறந்தபோது, பக்கத்து வயலைத் தனியே செய்யும் அமராவதி விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டினாள். அவளிடம் இருந்த விதை அவ்வளவும் அதுதான். வைக்கோலைப் போட்டு மூடுவதற்குள் மாஸ்டர் வந்துவிட்டார்.

“என்னட்டை விடுங்கோ பிள்ளை. கெதியா முளைக்க வைச்சுத் தாறன்.”

“வைக்கோல் போதாதோ மாஸ்டர்?”

“முளைக்கிற நெல் தன்ரை மாப்பொருளை வெல்லமாக்கி எரிக்குது. அந்தச் சூட்டை வெளியிலை விடாட்டி இன்னும் கெதியா முளைக்கும்.”

போரில் இடம்பெயர்ந்த காலத்தில் கூரையாய்ப் போட்ட பிளாஸ்டிக் தறப்பாள் ஒன்று அவரிடம் இருந்தது. ஈரம் வடியாத சாக்கை அதற்குள் சுற்றி, எறும்பும் நுழையாதபடி கயிற்றால் இறுக்கினார்.

பிறகொரு காலையில் அவர் வளவெல்லாம் புளித்த மணம். கட்டை அவிழ்த்தார். முளை இல்லை, குப்பென்று கள் மணம்தான் வந்தது.

வெல்லத்தை முழுதாக எரிக்க ஒட்சிசன் வேண்டும். அது கிடைத்தால்தான் கலத்துக்குள் இருக்கும் இழைமணிகள் முளைக்குத் தேவையான சக்தியை எடுத்துக் கொடுக்கும். காற்று இல்லாவிட்டால் கலம் வெல்லத்தை அரைகுறையாக உடைக்கும். கிடைப்பது சொற்ப சக்தியும் மதுசாரமும். அந்த மதுசாரமே கடைசியில் கலத்தைக் கொல்லும். எத்தனை பிள்ளைகளைப் பாடமாக்க வைத்த பதில்! சூட்டை நினைத்த மனிதர் காற்றை மறந்துபோனார்.

வேலிக்கு மேலால் மயில்வாகனத்தின் தலை தெரிந்தது. விதைநெல் விற்கிறவர்; மாஸ்டரின் விரிவுரைகளை அதிகம் கேட்டவரும் அவர்தான்.

“என்ன மாஸ்டர், கள்ளுத் தவறணை திறந்திட்டியளோ?”

மாஸ்டரின் முகம் வெந்துபோயிற்று. “ஓம்... நான்தான். கொஞ்சம் குடிச்சனான்.”

நெல்லைக் கொன்றவன் என்பதைவிடக் குடிகாரன் என்பது அவருக்குச் சின்ன வெட்கமாகப் பட்டது. அந்தக் கதை அவர் கதவைச் சாத்துவதற்குள் வவுனியாவுக்குப் போய், தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தது.

ஆனால் அமராவதி ஓலைக் கடகத்தோடு வந்து நின்றாள்.

“சேறு இறுகப்போகுது மாஸ்டர். இண்டைக்கே விதைக்கவேணும்.”

அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. “பிள்ளை, நான் குடிக்கேல்லை. உம்மடை நெல்லைக் காத்தில்லாமல் சாகக் குடுத்திட்டன்.”

அவள் சாக்குக்குள் கைவிட்டாள். ஒரு பிடி அள்ளி மணந்தாள். கண் நிறைந்தது.

“இதுக்கு நீங்கள் குடிச்சிருக்கலாம் மாஸ்டர்,” என்றாள்.

அவர் சைக்கிளை எடுத்து நேரே மயில்வாகனத்திடம் போய் முளைகட்டிய விதை கேட்டார். அங்கே நெல் வாங்க நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“விதைநெல் முளைகட்டினது இருக்குது. ஆனா உங்களுக்கு எதுக்கு? இன்னொருக்கா வடிக்கவோ?” என்றார் மயில்வாகனம்.

தலையைக் குனிந்தபடி, எல்லோருக்கும் கேட்கும்படி, தறப்பாளில் இருந்து கடைசி வரை சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரை இன்னும் சுட்டது.

மயில்வாகனம் சாக்கைக் கரியரில் ஏற்றி, வாயைக் கட்டக் கயிறு எடுத்தார்.

“கட்டாதேங்கோ!” என்று மாஸ்டர் கத்தினார்.

திறந்த சாக்கோடு போனார். வழியெல்லாம் நெல் சிந்தியது. அமராவதியின் வயல் வரைக்கும் வீதியோரம் ஒரு பச்சைக் கோடு முளைத்து நிற்கிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். மாஸ்டர் மட்டும் அந்த வழியால் போவதில்லை.