மூச்சு மெஷினுக்கு ஒரு வெல்வெட் உறை

அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது அவள் கைவேலைதான். டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, பிரிட்ஜ் தலையில் இரண்டு பக்கமும் பை வைத்த உறை, ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை. ரிமோட்டுக்குக்கூட ஜிப் வைத்து ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறாள். அதனால் அவளுக்குக் கவர் அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுப் போடப் போகும்போதுதான் வெளியே வரும்.

தூசி படாமல் இருந்தால் எந்தப் பொருளும் ஆயுசோடு இருக்கும் என்பது அவள் நம்பிக்கை. காலையில் எழுந்ததும் கடவுளைக் கும்பிட்டுவிட்டு, தையல் மெஷினின் உறையை எடுத்து மடித்து வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். வேலை முடிந்ததும் மறுபடி அதைப் போர்த்திவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

"என்னை மட்டும்தான் இன்னும் அளவெடுக்கல" என்பார் அவள் வீட்டுக்காரர்.

"எடுக்கலாம். அவ்வளவு துணிக்கு எங்க போறது?" என்பாள் அவள்.

அவர் ஸ்கூல் வேன் ஓட்டுபவர். பெரிய உடம்பு, அதற்கேற்ற மீசை. வேனில் வரும் பிள்ளைகளுக்கு அவர் மீசை மாமா. அவர் குறட்டையைப் பற்றித் தெருவில் பேசாதவர் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர், "நேத்து ராத்திரி உங்க வீட்டுல லாரி ரிவர்ஸ் எடுத்தாங்களா?" என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு ஒரு நாள் நின்றது. சிக்னலில் பச்சை விழுந்தும் வேன் நகரவில்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். பிள்ளைகள் "மாமா, மாமா" என்று தோளை உலுக்கியபிறகுதான் கண் விழித்தார். வேன் முதலாளி நல்ல மனுஷன், தானே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால் ராத்திரி தூங்கியும் அது தூக்கமே இல்லை.

கேட்டதும் அவளுக்குத் தூக்கி வாரிப் போட்டது. "பக்கத்துலயேதான் படுத்திருக்கேன் டாக்டர். குறட்டை நின்னா, அப்பாடா நிம்மதியாத் தூங்குறாருன்னு நானும் தூங்கிடுவேன். அப்பதான் மூச்சே நின்னுச்சா?"

ஆமாம் என்று டாக்டர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை அவள் பல நாள் மறக்கவில்லை.

அப்படித்தான் அந்த மூச்சு மெஷின் வீட்டுக்கு வந்தது. டிபன் டப்பா அளவு பெட்டி. அதிலிருந்து ஒரு நீளக் குழாய். குழாயின் முனையில் மூக்கில் மாட்டும் மாஸ்க், அதைத் தலையோடு பிடித்துக்கொள்ள எலாஸ்டிக் பட்டை. முதலாளி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இதை ஒழுங்காப் போட்டுத் தூங்குற வரைக்கும் சாவி உங்ககிட்ட. மறுபடி ஒரு தடவை கண் அசந்தா நான் குடுக்க மாட்டேன். ஊரான் வீட்டுப் பிள்ளைங்க."

மாட்டிய ஒரு வாரத்தில் மனுஷன் ஆளே மாறிப்போனார். காலையில் அவரே எழுந்தார், பாட்டு முணுமுணுத்தார். அவள் கடவுளுக்கு நன்றி சொன்னாள். சொன்ன கையோடு அளவு நாடாவையும் எடுத்தாள். உயிரைக் காப்பாற்றுகிற பெட்டி, அது தூசியில் கிடக்கலாமா?

திரைச்சீலைக்குத் தைத்ததில் மிஞ்சிய சிவப்பு வெல்வெட் துணி பீரோவில் இருந்தது. உள்ளே லைனிங் கொடுத்தாள், ஓரத்துக்கு மஞ்சள் பைப்பிங் வைத்தாள். குழாய் வெளியே வர மட்டும் வட்டமாக ஒரு ஓட்டை வெட்டி, அதன் விளிம்பைக் கையாலேயே காஜா போட்டு முடித்தாள். அதுதான் அவளுக்குப் பெருமை. உறையைக் கழற்றவே வேண்டியதில்லை, சுவிட்சைத் துணிக்கு மேலேயே தடவி அமுக்கிவிடலாம்.

அதோடு விட்டாளா? மாஸ்க் மூக்கின் மேல் சிவப்பாகத் தடம் போட்டது, மனசு கேட்கவில்லை. அதன் விளிம்பு முழுக்க மெத்தென்ற துணி வைத்துத் தைத்தாள். எலாஸ்டிக் தொய்ந்ததும் மடித்து இரண்டு தையல் போட்டு இறுக்கினாள். பெட்டியின் பின்னால் சின்னதாக ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும், காற்றை வடிகட்டுவது. அதைத் துணி சோப்பில் கசக்கி, வெயிலில் காயவைத்து, மறுபடி அதே இடத்தில் செருகுவாள். மாற்றிப் போடச் சொல்லிக் கடையில் கொடுத்த புதுத் துண்டுகள் பாக்கெட் பிரிக்காமல் பீரோவில் பத்திரமாக இருந்தன. நல்லா இருக்கிறதை எதற்குத் தூக்கிப் போடுவது?

அடுத்த தெரு பேக்கரிக்காரர் மனைவி ஒருநாள் ரவிக்கை வாங்க வந்தவள் அந்த உறையைப் பார்த்துக் கண் விரித்தாள். "எங்க வீட்டுக்காரருக்கும் இதே மெஷின்தான் அக்கா! எனக்கும் இதே மாதிரி ஒண்ணு தெச்சுக் குடுங்களேன்."

தைத்துக் கொடுத்தாள். மேலே இரண்டு ரோஜாப்பூ எம்பிராய்டரி சேர்த்து.

கொஞ்ச நாளாகவே அவர் மறுபடி கொட்டாவி விட ஆரம்பித்திருந்தார். வெயில் என்று நினைத்தாள். வயசு என்று நினைத்தாள். மெஷின்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளே!

அன்று மத்தியானம் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வந்தார். வேன் வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்டது. எஞ்சின் அணையும் சத்தம் மட்டும் கேட்கவில்லை. தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்திருந்தார். மீசை ஸ்டியரிங்கில் நசுங்கியிருந்தது.

"என்னங்க!"

அசையவில்லை. கண்ணாடியைத் தட்டினாள். அந்த அதிர்வில் பிரேக்கிலிருந்து கால் நழுவியதோ என்னவோ, சரிவான தெருவில் வேன் மெதுவாகக் குறுக்கே நகர்ந்தது. அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் மோதி, டிரம் பிளந்து, தண்ணீர் தெருவெல்லாம் ஓடியபிறகுதான் வேன் நின்றது. முன்சக்கரத்தின் கீழே, எதிர்வீட்டுக் குழந்தையின் மூன்று சக்கரச் சைக்கிள்.

அவள் குனிந்து பார்த்தாள். சைக்கிள் மட்டும்தான். குழந்தை உள்ளே அம்மா இடுப்பில் இருந்துகொண்டு, வாயில் சோற்றோடு, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"கடவுளே" என்று அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் தூங்கலையே, கண்ணை மூடினேன், அவ்வளவுதான்" என்றபடி இறங்கினார் அவர். இறங்கிச் சைக்கிளைப் பார்த்தார். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். "முதலாளிகிட்ட நானே சொல்றேன். இனிமே நான் இதைத் தொட மாட்டேன்."

"ராத்திரி மெஷின் மாட்டிக்கிட்டுத்தானே படுக்கிறீங்க?"

"நீதானே மாட்டி விடுற!"

அது உண்மை. மெஷினை உறையோடு தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து அதை வாங்கிய கடைக்குப் போனார்கள்.

சக்கர நாற்காலிகளுக்கும் ஆக்சிஜன் சிலிண்டர்களுக்கும் நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கடைக்காரப் பெண் முதலில் சிரித்தாள். "என்னக்கா இது, கல்யாணப் பொண்ணு மாதிரி கூட்டிட்டு வந்திருக்கீங்க!" உறையை உருவினாள். பிளக்கைச் செருகினாள். சின்னத் திரையில் ஒரு முகம் எரிந்தது. சிவப்பாக, வாய் கோணி, அழுகிற முகம்.

சிரிப்பு போய்விட்டது. "இந்த முகம் எத்தனை நாளா வருது?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரை வெல்வெட்டுக்கு உள்ளே இருந்தது. யார் பார்த்தார்கள்?

பெண் பின்பக்கச் சின்ன மூடியைத் திறந்து, நகத்தால் ஒரு துண்டை வெளியே இழுத்தாள். வெள்ளையாக இருக்கவேண்டியது. கரிப்பிடித் துணிபோல் இருந்தது. அதில் சிவப்புச் சிவப்பாக வெல்வெட் பொடி ஒட்டியிருந்தது.

"இதைத் துவைச்சேனேம்மா, நல்லாத்தான் துவைச்சேன்" என்றாள் அவள்.

"துவைக்கக் கூடாதுக்கா. துவைச்சா இதோட வேலையே போச்சு. அழுக்கானா வீசிட்டு வேற போடணும். கையைக் குடுங்க." அவள் உள்ளங்கையை இழுத்துப் பெட்டியின் பின்னால் வைத்து, மெஷினை ஓடவிட்டாள். கையில் ஏதோ மெல்லப் பிடித்து இழுத்தது. "தெரியுதா? இங்கதான் இது மூச்சு இழுக்குது. இங்க இழுத்தாத்தான் அங்க அண்ணனுக்குக் குடுக்க முடியும். ஓடும்போது உறையைக் கழட்டிடுவீங்கல்ல?"

அவள் மேசைமேல் கிடந்த உறையில், அவ்வளவு அழகாகக் காஜா போட்ட அந்த வட்ட ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் வெளியே போக வழி வைத்தவள், காற்று உள்ளே வர வழி வைக்கவில்லை. ராத்திரி ராத்திரி, பக்கத்தில் படுத்துக்கொண்டே, அவர் மூச்சுக்குத் தானே துணி போர்த்தியிருக்கிறாள்.

"மாஸ்க்கிலயும் துணி வெச்சுத் தெச்சிருக்கீங்க, அதுவும் இடுக்கு விட்டுக் காத்தை வெளிய விடும். இறுக்கிக் கட்டினா இன்னும் கோணிக்கும். தடம் விழுந்தா அளவு சரியில்லன்னு அர்த்தம், மாத்திக் குடுத்திருப்பேன்ல?" பெண் திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. பிறகு அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள். "அண்ணே, மூக்கு மாஸ்க் உங்க மீசை மேல சரியா உக்காராது. மீசையை எடுத்துடுறீங்களா?"

"மூச்சு வேணும்னா எடுத்துக்குங்க. மீசையை விட மாட்டேன்" என்றார் அவர். அந்த நிலைமையிலும்.

"சரி, வாயையும் சேர்த்து மூடுறது ஒண்ணு இருக்கு. மீசையும் அதுக்குள்ள அடங்கிடும். போட்டுக்கிட்டு இப்படிச் சாஞ்சு படுங்க, படுத்தாத்தான் அளவு தெரியும்."

அவர் சாய்ந்து, முகத்தில் மாஸ்க் ஏறிய அந்த நேரத்தில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

ரோஜாப்பூ.

"நான் இன்னொண்ணு தெச்சுக் குடுத்திருக்கேன்!" என்று கத்திக்கொண்டு எழுந்தாள். என்ன ஏது என்று அவர் கேட்டது மாஸ்க்குக்குள்ளேயே போய்விட்டது. அவள் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

ஓடினாள். அந்த வயசில், அந்த வெயிலில், செருப்பு ஒன்று அறுந்தது, அதையும் விட்டுவிட்டு ஓடினாள். "என் கையால அந்தாளுக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது" என்பதைத் தவிர வேறு வேண்டுதல் வாயில் வரவில்லை.

பேக்கரிக்காரர் மனைவி கதவைத் திறந்து திகைத்தாள். "அக்கா! என்னாச்சு, ஒரு கால்ல செருப்போட?"

"மெஷின் எங்க? உங்க வீட்டுக்காரர் எங்க?"

"மெஷின் அதோ." ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், நடுநாயகமாக அந்தச் சிவப்பு உறை. அதன்மேல் ஒரு பூச்சாடி. "அவரு ஒரு நாள் போட்டாரு, மூக்கு வலிக்குதுன்னு கழட்டிட்டாரு. அதுக்கப்புறம் நீங்க குடுத்த கவர் அவ்வளவு அழகா இருந்துச்சா, ரூமுக்குள்ள வெச்சா யாரு பாப்பாங்கன்னு இங்க வெச்சுட்டோம்."

அவள் பூச்சாடியை இறக்கிவிட்டு உறையை உருவினாள். உள்ளே மெஷின், ஒரு பொட்டுத் தூசி இல்லாமல், புத்தம் புதிதாக இருந்தது. தான் போர்த்தி யாரும் சாகவில்லை என்ற நிம்மதி வந்தது. அது ஒரு நொடிகூட நிற்கவில்லை.

பக்கத்து அறையிலிருந்து குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது. மத்தியானத் தூக்கம். அது சட்டென்று நின்றது.

முன்பெல்லாம் இந்த அமைதி வந்தால் அப்பாடா என்று புரண்டு படுத்தவள். இப்போது ஓடிப்போய் அந்த அறை வாசலில் நின்றாள். பேக்கரிக்காரர் மல்லாந்து கிடந்தார். வயிறு ஏறுகிறது, இறங்குகிறது, வாயிலும் மூக்கிலும் மட்டும் ஒன்றும் இல்லை. உதடு கறுத்தது. அவள் மூச்சும் கூடவே நின்றது. கடைசியில் முழுகினவன் மேலே வந்ததுபோல் ஒரு பெரிய இழுப்பு இழுத்து, மறுபடி குறட்டை விட்டார்.

"இவரு எப்பவும் இப்படித்தான், நடுவுல ரெஸ்ட் எடுப்பாரு" என்று மனைவி சிரித்தாள்.

"அது ரெஸ்ட் இல்லம்மா" என்றாள் கவர் அக்கா. "அது ரெஸ்ட் இல்ல. என் வீட்டுக்காரர் தூங்கிட்டே ஒரு குழந்தை சைக்கிள் மேல வேனை ஏத்திட்டாரு இன்னிக்கு. எழுப்புங்க அவரை. மெஷினைத் தூக்குங்க. மூக்கு வலிச்சா வேற மாஸ்க் இருக்கு, எங்க ஆளு அங்க மாட்டிக்கிட்டுப் படுத்திருக்காரு, நேர்ல பாத்துக்கங்க."

இடுப்பில் சொருகியிருந்த நூல் வெட்டும் கத்தரியை எடுத்தாள். காஜாவிலிருந்து கீழ்வரை ஒரே வெட்டு. அடுத்தது ரோஜாப்பூ. மனைவி "ஐயோ அக்கா!" என்றாள். தான் தைத்ததைத் தானே கிழித்தது கவர் அக்காவின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சாவி உடனே திரும்பி வரவில்லை. முதலாளி வேறு ஆளை வைத்து ஓட்டினார். எதிர்வீட்டுக்குப் புது டிரம்மும் புதுச் சைக்கிளும் போயின. மெஷின் ஸ்டூலில் வெறும் உடம்போடு இருந்தது. காலையில் மாஸ்க்கை லேசான சோப்பில் கழுவி நிழலில் உலர்த்துவாள், காற்றை ஈரமாக்க மெஷினில் வைக்கும் தண்ணீர் டப்பாவைக் கொட்டிக் கவிழ்ப்பாள், வெள்ளைத் துண்டு பழுத்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு குப்பையில் போடுவாள். திரையில் தினமும் ஒரு பச்சை முகம் சிரித்தது. அந்தச் சிரிப்பையெல்லாம் மெஷினே கணக்கு வைத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு டாக்டர் எழுதிக் கொடுத்தபிறகுதான், முதலாளி சாவியை நீட்டினார்.

முதல் நாள் பின்சீட்டில் அவளும் ஏறி உட்கார்ந்தாள். பிள்ளைகள், "கவர் அக்கா, நீங்களும் ஸ்கூலுக்கா?" என்று கேட்டன. வழி முழுக்கக் கண்ணாடியில் அவர் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டும் விரிந்திருந்தன.

"என்னடி, போலீஸ் மாதிரி முறைக்கிற?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

இப்போதும் உறை தைக்கிறாள். ஆனால் யாராவது ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்தால், அளவு நாடாவை உடனே எடுப்பதில்லை. பிளக்கைச் செருகச் சொல்கிறாள். ஓடவிட்டு, பின்னால், பக்கத்தில், அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். வந்தவர்கள் என்ன தேடுகிறாள் என்று தெரியாமல் நிற்பார்கள். கையில் காற்று இழுத்தால், "இதுக்கு வேண்டாம்மா, தூசியைத் துடைச்சுக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.