ஷோகேஸில் அம்மா

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, உத்தமபாளையம் கடைத்தெருவில் இருந்த ஒரு போட்டோ ஸ்டுடியோவைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போவது எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. அதன் ஷோகேஸில் என் அம்மா இருந்தாள்.

அதுவரை அம்மாவுக்கென்று தனியாக ஒரு படம் கிடையாது. கல்யாணப் போட்டோவில்கூட அத்தாவுக்குப் பக்கத்தில் குனிந்த தலையும் முக்காடும்தான் தெரியும். சவுதியில் வேலை பார்த்த அத்தா, முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பச் சொல்லிப் போனில் கேட்டுக் கேட்டு, ஒரு வருஷம் கழித்துத்தான் அம்மா சம்மதித்தாள். அவளுடைய அண்ணன், என் மாமா, எங்களைக் கூட்டிப்போய் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். முகத்தை நிமிர்த்தச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஸ்டுடியோக்காரர் கடைசியில், "சிரிக்க வேணாம்மா. தூரத்துல இருக்கவுகள நெனச்சுக்கிருங்க, போதும்" என்றார். அம்மா நினைத்தாள். அதற்குள் எடுத்துவிட்டார்.

படம் சவுதிக்குப் போனது. பத்து நாள் கழித்துப் பார்த்தால், அதே படம் பெரிதாகி ஷோகேஸில் நிற்கிறது. கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கையால் வண்ணம் தீட்டிய மீசைக்காரர் ஒருவர், குப்புறப் படுத்துச் சிரிக்கும் குழந்தை, கம்ப்யூட்டர் புண்ணியத்தில் ஊட்டிப் பூந்தோட்டத்தில் நிற்கும் ஒரு மாப்பிள்ளை. இவர்களுக்கு நடுவே அம்மா. அவளுக்குப் பின்னால் மட்டும் பூவும் இல்லை, அருவியும் இல்லை. வெறும் சாம்பல் நிறத் திரை.

அம்மாவுக்குத் தெரிந்தால் அழுவாள் என்று பயந்தேன். மாமாவை நினைத்தால் அதைவிடப் பயம். பக்கத்துத் தோப்புக்காரர் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டதற்குப் போலீஸ் ஸ்டேஷன்வரை போனவர் அவர். கண்ணாடியை உடைத்துவிடுவார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவர் கடைத்தெருவுக்குக் கிளம்பும்போதெல்லாம் பையைப் பிடுங்கிக்கொண்டு நானே ஓடினேன். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டதென்று மெச்சிக்கொண்டார்.

ஒருநாள் செருப்பு வாங்கப் போவதாகச் சொன்னார். செருப்புக்கடை ஸ்டுடியோவுக்கு நேர் எதிரே. அவர் காலுக்கு நான் போய் அளவு பார்க்க முடியாது. பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டுடியோவுக்கு ஓடினேன்.

"எங்கம்மா படத்த எடுத்துருங்க. மாமா பாத்தாகன்னா சண்ட வந்துரும்" என்றேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கேக்காம வச்சது என் தப்புதான் தாயி. நான் எடுத்ததுலயே நல்ல மொகம் அது" என்றவர், படத்தை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி என்னிடமே கொடுத்துவிட்டார். கால் மணி நேரத்தில் மாமா அந்த வழியாகப் போய்ப் புதுச் செருப்போடு வந்தார். செருப்பு கடிக்கிறது என்பதைத் தவிர அவருக்கு எந்த மனக்குறையும் இல்லை.

அம்மாவிடம் படத்தைக் கொடுத்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அழவில்லை. காகிதத்தைப் பிரித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, எத்தனை நாள் அங்கே இருந்தது என்று கேட்டாள். பதினைந்து நாள் என்றேன்.

"பாத்தவுக என்ன சொன்னாக?"

ஒருவர்கூட நின்று பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தேன். அவளுக்கு நிம்மதி தருகிற பதில் அதுதான் என்று நினைத்தேன். "ம்" என்றபடி படத்தைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பதினைந்து நாளைக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

உண்மையில் நிறையப் பேர் நின்று பார்த்தார்கள். ஒரு பூக்காரம்மா தினமும் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்ப்பார். "மகராசி, என்னா ஒரு முகம்" என்று அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். போன நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்குப் போனபோதுதான் அதை அம்மாவிடம் சொன்னேன்.

அவள் இலேசாக முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்னடி?"