அக்கா வாங்கிக்கொண்ட விரதம்

போன மாதம் சென்னையில் ஒரு டாக்டர் எங்கள் பாவாவிடம் சின்ன வேலை ஒன்று சொன்னார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பாவாவால் முடியவில்லை.

பாவா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கிறார். இரைப்பையில் புற்றுநோய், ஆபரேஷனுக்குத் தேதி கேட்கப் போயிருந்தோம். நான் காலண்டரைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிப் படியில் இந்த மனிதர் காவடியோடு ஏறுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! வெறுங்கையோடு வரும் நாங்கள் மூச்சு வாங்குவோம். அவர் மேலே நின்று சிரிப்பார். இறங்கி வந்து இலையில் உட்கார்ந்தால், பரிமாறுகிறவர் வாளியோடு அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். அந்த நாட்கள்... நினைத்தால் இப்போதும் எனக்குப் பசிக்கிறது.

அந்த ஆளா இப்படி ஆனார்? பாதி நோய். மீதி — விரதம். ஆபரேஷன் நல்லபடி முடியும்வரை ஒருவேளைச் சாப்பாடு, மற்றபடி பால், பழம் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டுவிட்டார். நாங்களும் பக்தி என்று மெச்சினோம். போதாததற்கு, அசையக்கூடாது என்று படுக்க வேறு வைத்தோம்.

டாக்டர் திட்டவில்லை. வயது எனக்குப் பயமில்லை, தளர்ச்சிதான் பயம் என்றார். ஒரே வயது, ஒரே ஆபரேஷன் — தெம்புள்ளவர் சீக்கிரம் தேறுவார். தளர்ந்தவருக்குப் புண் ஆறத் தாமதமாகும், நெஞ்சில் சளி கட்டும், பிழைப்பதே இழுபறியாகலாம். முட்டை, பருப்பு, நடை, மூச்சுப் பயிற்சி... சில வாரம் பார்ப்போம், அதற்கு மேல் தள்ள முடியாது என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் பாவா முட்டையைத் தொட மறுத்தார். சாமி குத்தமாகிவிடுமாம். அக்கா இரண்டு நாள் பொறுத்தாள். பிறகு ஒரு காலையில் காணாமல் போய், மதியம் நெற்றி நிறைய விபூதியோடு வந்து அவர் முன்னால் தட்டை வைத்தாள்.

"உங்க விரதத்த நான் வாங்கிக்கினேன். மலையில சாமிகிட்டயே சொல்லிட்டு வந்துட்டேன். இனிமே பட்டினி என்னுது. நீங்க சாப்புடுங்க."

பாவா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எளச்சிப் பூடுவியே."

"ஆங், எனக்கு ஒடம்பு கீது. தாங்கும்."

அவர் சாப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சாப்பிட்டார். மறுநாளிலிருந்து தெருவில் நடந்தார் — முதலில் என் தோளைப் பிடித்து, அப்புறம் தனியாக. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் ஒருவர் தேற, ஒருவர் இளைக்க... எனக்கு அக்காவை நினைத்தும் கவலைதான். சொன்னால் கேட்கிறவளா?

போன வாரம் ஆபரேஷன் முடிந்தது. முழுதாகத் தேறிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். இரைப்பையில் பெரும்பகுதி போய்விட்டது, இனிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும். ஆனால் மறுநாளே நடக்கச் சொன்னார்கள். நர்ஸ் ஒரு பக்கம் தாங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு வார்டு வாசல்வரை வந்துவிட்டார். அங்கே நின்றிருந்த என்னிடம் மூச்சு வாங்கிக்கொண்டே அவர் கேட்டது ஒன்றுதான்:

"இன்னா மச்சான்... விரதம் முடிஞ்சிடுச்சே, உங்க அக்கா சாப்ட்டாளா?"