எலுமிச்சம்பழத்தில் ஏறாத கார்

எங்கள் வீட்டில் பிரேக்கை அழுத்துவது குற்றம். ஹைபிரிட் கார் வந்த நாளிலிருந்து என் கணவர் அப்படித்தான் சட்டம் போட்டிருந்தார். அந்தக் காரில் பிரேக் பெடலை மெல்லத் தொட்டால் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடும், அந்த விசையில் பேட்டரிக்குச் சார்ஜும் ஏறும். அப்போது சின்னத் திரையில் ஒரு பச்சைக் கோடு நீளும். கோடு நீள நீள அவர் முகம் மலரும்.

"பாத்தியா, ரிவர்ஸ்டன் மலையில இருந்து இவ்வளவு தூரம் இறங்கியிருக்கோம், பிரேக் தேயவே இல்ல. இது பேரப்புள்ள காலம் வரைக்கும் வரும்" என்பார். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போதுதான் இரண்டாவது வருடம்.

அந்த வருடம் எனக்கு மாத்தளைக்கு அப்பால் கலேவெலயில் ஓர் அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. அவர் கண்டிக்கு ரயிலில் போகிறவர், ஆகவே காரை நான் எடுத்துப் போவதாகப் பேசிக்கொண்டோம். லைசென்ஸ் இருந்தது, ஆசை அதைவிட அதிகமாக இருந்தது. ஆனால் வீட்டில் கடைசிச் சொல் அத்தையுடையது, அதாவது என் மாமியாருடையது. சந்திக் கடையைத் தாண்டி நான் காரோட்டி அவர் பார்த்ததில்லை. நாள்கணக்கில் யோசித்துவிட்டு ஒருநாள் சொன்னார்:

"ஆயுத பூசைக்குக் காருக்குப் பூசை போட்டு எடு. அம்மா விட்டா நானும் விடுறேன்."

அம்மா என்றால் முத்துமாரியம்மன். பூசை கழிந்து வரும் திங்கட்கிழமை நான் கலேவெலயில் வேலையை ஏற்க வேண்டும்.

நவராத்திரி தொடங்கியதும் கணவர் காரைக் கழுவினார். கழுவினார் என்றால் போதாது, குளிப்பாட்டினார். சக்கரங்களின் உள்ளே எல்லாம் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்தார். ஈரம் காய்வதற்குள் கவரைப் போட்டு மூடினார். முற்றம் சாய்வாக இருப்பதால் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டார். பூசை வரைக்கும் கார் தெருவில் இறங்கக் கூடாது, சேறு படக் கூடாது. பின்னேரமானால் மழை கொட்டும் காலம் அது. கவருக்குள்ளே கார் புழுங்கிக்கொண்டு நின்றது. கொஞ்சம் ஓட்டிப் பழகட்டுமா என்று கேட்டேன்.

"சாமிக்குன்னு கழுவி வச்சத எடுக்கலாமா?" என்றார் பக்திமான்.

பூசையன்று காருக்கு மாலை, சந்தனம், குங்குமம். நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம். அத்தை கற்பூரம் சுற்றித் தேங்காய் உடைத்தார். நான் ஏறி உட்கார்ந்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தேன். கார் முனகியது. நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பின்பக்கம் லேசாகக் குந்தி எழுந்ததே தவிர, எலுமிச்சம்பழங்கள் வைத்தபடியே இருந்தன.

அத்தை கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். "விடு புள்ள. அம்மா வேணாங்குறா. நீ பஸ்லயே போ."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. பஸ்ஸில் போவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் ஓட்டத் தொடங்கும் முன்பே, அதுவும் சாமி பெயரால், என்னை இறக்கிவிடுவதை என்னால் தாங்க முடியவில்லை. சீட்டை விட்டு இறங்க மாட்டேன் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். கணவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, காருக்குச் சர்வீஸ் செய்யும் கராஜ்காரருக்குப் போன் போட்டார்.

அவர் வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக வந்தார். கையில் ஒன்றுமில்லை.

"ஜாக்கு, ஸ்பேனர் எல்லாம் சாமி முன்னால இருக்கு சேர். நாளைக்குத்தான் எடுக்கலாம்" என்றார். குனிந்து சக்கரத்தின் இடுக்கால் பார்த்தார். பளபளவென்று இருக்க வேண்டிய பிரேக் தட்டு செங்கல் நிறத்தில் இருந்தது. "கழுவி, ஹேண்ட்பிரேக் போட்டு, மூடி வச்சிட்டீங்களா?"

கணவர் மாலையைச் சரிசெய்யத் தொடங்கினார்.

"பின்னாடி பிரேக் துரு ஏறி ஒட்டிக்கிச்சு. பிரேக் உரசினாத்தானே சேர் துரு போகும்? இதுல பாதி நேரம் மோட்டாரே புடிச்சிருது. உரசாமலே கெடந்தா துரு திங்கும். தேயாமலே பிரேக் பேட் மாத்த வேண்டி வரும்."

"அப்ப அம்மா கோவமில்லையா?" என்று அத்தை கேட்டார்.

"இது தண்ணி செஞ்ச வேலைங்கம்மா" என்றார் அவர். பிறகு என்னிடம் வந்தார். "இன்னிக்கி நான் கை வைக்க மாட்டேன். வாயால சொல்றேன், மிஸ், நீங்க செய்ங்க."

எல்லோரையும் விலகி நிற்கச் சொன்னார். கொஞ்சம் பின்னால் விடுங்க, நிறுத்துங்க, கொஞ்சம் முன்னால் விடுங்க, மெதுவாக, வெறிபிடித்த மாதிரி அழுத்தாதீங்க. அவர் சொல்லச் சொல்ல நான் கியரை மாற்றினேன். கார் ஊஞ்சல்போல் ஆடியதே தவிர இடத்தை விட்டு நகரவில்லை. திடீரென்று அடியில் டமார் என்று ஒரு சத்தம். கார் பின்னால் ஓடியது.

"ஐயோ, பின்னாலயா போகுது?" என்று அத்தை கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கியரை மாற்றி முன்னால் விட்டேன். எலுமிச்சம்பழங்கள் சளக் சளக்கென்று நசுங்கின. முற்றமெல்லாம் அந்த வாசனை. கணவர் கைதட்டினார். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

அத்தை நசுங்கிய பழங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் ஜன்னலருகே வந்து மெதுவாகக் கேட்டார்: "ஓடுறது சரி புள்ள. நிக்குமா?"

அவர் பயந்தது அம்மனுக்கு அல்ல என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் பயமெல்லாம் என்னைப் பற்றித்தான்.

மறுநாள் கராஜ்காரர் சந்தனப் பொட்டு வைத்த ஸ்பேனரோடு வந்து சக்கரங்களைக் கழற்றினார். துருவைச் சுரண்டி, பிரேக் ஓடி விளையாட வேண்டிய இடங்களுக்குக் கிரீஸ் பூசி, வீணாய்ப்போன பேட்களை மாற்றினார். பேரப்பிள்ளைக்கு என்று வைத்திருந்த பேட்கள் அவை. கழுவினாலோ மழையில் நனைந்தாலோ ஒரு சுற்று ஓட்டி, பின்னால் ஆளில்லாத இடத்தில் நாலைந்து தடவை நன்றாக அழுத்திப் பிரேக் பிடிக்க வேண்டும் என்றார். நாள்கணக்கில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்குக்குப் பதில் கியரைப் 'பார்க்'கில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டுமாம். கணவர் தலையாட்டினார். அத்தை மனப்பாடம் செய்துகொண்டார்.

திங்கட்கிழமை காலையில் அத்தை கேட்டருகே வந்து நின்றார். ராத்திரி மழை பெய்திருந்தது. எங்கள் தெரு திரும்பும் இடத்தில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பெடலை நன்றாக அழுத்தினேன். கர்ரென்று துரு உரசிப் போனது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அத்தை வீட்டுக்குள் திரும்பினார். மழை பெய்த மறுநாள் எல்லாம் அதே கதைதான்.

ஒரு நாள் அவசரத்தில் மறந்துவிட்டேன். மாத்தளை டவுனுக்குள் வரும்போது போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

"இன்னிக்கிச் சத்தம் கேக்கலையே புள்ள."

"மறந்துட்டேன் அத்தை. இப்பத்தான் அழுத்தி நிப்பாட்டினேன்."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"அப்ப போயிட்டு வா" என்றார்.