ஏழாம் பக்கத்து "இதேபோல்"

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ரெட்டைக் குதிரை என்று பெயர். நேரில் யாரும் சொன்னதில்லை, முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர் யாருமில்லை. இயற்கணிதமும் செய்வாள், மென்பொருளும் எழுதுவாள். கணிதத் துறைக்கு அவள் கம்ப்யூட்டர்காரி, கம்ப்யூட்டர் துறைக்குக் கணக்கு டீச்சர். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இருபது வருஷம் ஓட்டிவிட்டாள்.

பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க அன்று பகல் ஒரு மணிதான் கெடு. வயது வரம்பின்படி அவளுக்கு அதுவே கடைசி வருஷமும். ஒரே துறையில் பதினைந்து கட்டுரைகள் வேண்டும் என்பது விதி. இயற்கணிதத்தில் அவளிடம் எண்ணி வைத்தாற்போல் பதினைந்து இருந்தன. மென்பொருளில் ஒன்பது. அந்த ஒன்பதைக் கணிதத் துறை திரும்பிக்கூடப் பார்க்காது.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையும் நிரூபிக்கும் முன், அது தப்பு என்று காட்ட முடியுமா பார் என்று தான் எழுதிய நிரலிடம் கொடுத்துவிடுவாள். அது சின்னச் சின்ன அட்டவணைகளாகப் போட்டுத் தேடும், ஒன்றும் அகப்படாவிட்டால்தான் இவள் பேனாவை எடுப்பாள். முதல் கட்டுரை மட்டும் நிரல் பிறப்பதற்கு முன்பே வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போட்டு மூத்ததை விட்டுவிட்ட கதை. விண்ணப்பத்தை நிரப்பி முடித்தபோது மணி பத்துகூட ஆகவில்லை. சும்மா இருப்பானேன் என்று அந்த முதல் கட்டுரையையும் நிரலிடம் கொடுத்தாள்.

கட்டுரை சுத்த இயற்கணிதம். வீட்டுப் பேச்சில் சொன்னால் இதுதான்: ஒரே நிரலை மூன்று பேர் ஆளுக்கொரு விதமாகத் திருத்துகிறார்கள். எந்த இரண்டு திருத்தங்களைச் சேர்த்தாலும் சண்டை வரவில்லை என்றால், மூன்றையும் சேர்த்தாலும் வராது. மாமியார், மருமகள், மகன் இருக்கும் எந்த வீட்டிலும் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆனால் அவள் நிரூபித்திருந்தாள், அச்சிலும் வந்திருந்தது, பதினெட்டு வருஷமாக ஊரெல்லாம் மேற்கோள் காட்டியது.

நான்கு நிமிஷத்தில் நிரல் ஓர் அட்டவணையை நீட்டியது. ஆறு வரிசை, ஆறு பத்தி. இரண்டிரண்டாக எல்லாம் சமாதானம், மூன்றாகச் சேர்ந்தால் ரகளை.

முதலில் நிரலைத்தான் திட்டினாள். பிறகு பென்சிலை எடுத்துக் கையால் போட்டுப் பார்த்தாள். மூன்று முறை. நிரல் சொன்னதுதான் சரி. கட்டுரையைப் பிரித்தாள். ஏழாம் பக்கத்தில் முதல் நிலையை நிரூபித்திருந்தாள், இரண்டாவதையும் நிரூபித்திருந்தாள். அடுத்து, "மூன்றாவதும் இதேபோல்" என்று ஒரே வரி. கணிதக்காரர்களின் பரம்பரை வியாதி அது. மூன்றாவது இதேபோல் இல்லவே இல்லை.

அவளுக்குப் புல்லரித்தது. அறையில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள். எதிர் அறையிலிருந்த துறைத் தலைவர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார். முதல் கட்டுரையை எடுத்துவிட்டால் பதினாலு, பதினாலு என்றால் விண்ணப்பமே செல்லாது என்று எடுத்துச் சொன்னார்.

"பதினெட்டு வருஷமா யாரும் கண்டுபிடிக்கலம்மா. இன்னும் ரெண்டு மணி நேரத்துல யார் கண்டுபிடிக்கப்போறா?"

அவளுக்கு ஆசை இல்லை என்றால் அது பொய். கதவில் மாட்டப்போகும் பெயர்ப்பலகையின் எழுத்துருவைக்கூட மனசுக்குள் தேர்ந்து வைத்திருந்தாள்.

"நான் கண்டுபிடிச்சுட்டேனே, சார்."

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்காவது ஓட்டை கிடைத்தால் அவளைக் காப்பாற்றலாம் என்று அட்டவணையைத் துருவினார். அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாழாப்போனது, அழகா இருக்கும்மா" என்றார்.

பத்திரிகைக்குத் திருத்தக் கடிதம் போனது. கட்டுரைப் பட்டியலின் முதல் வரியை அடித்துவிட்டு விண்ணப்பத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். குமாஸ்தா இரண்டு தடவை எண்ணிப் பார்த்து, வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார். படி இறங்குவதற்குள் விண்ணப்பத்தின் வெற்றுப் பின்புறத்தில் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு, எந்த நிபந்தனையைச் சேர்த்தால் ரகளை அடங்கும் என்று தேட ஆரம்பித்திருந்தாள். கை பரபரத்தது. முதல் கட்டுரை எழுதிய வயதுக்கே திரும்பியதுபோல் இருந்தது.

அப்போது கணவர் போனில் கூப்பிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இரும்புக் கயிறுகளில் தேய்மானம் பார்ப்பது வேலை.

"பதவி கெடச்சிருச்சா?"

"போச்சு. வரும்போது கேக் வாங்கிட்டு வாங்க."

தன் முதல் கட்டுரையே தப்பு, அதை இன்றைக்குத் தானே பிடித்துவிட்டேன் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"வேற யாரும் சொல்றதுக்கு முந்தி நீயே பாத்துட்டியா?"

"நானேதான்."

"அப்ப பெரிய கேக்காவே வாங்கிட்டு வரேன்" என்றார் அவர்.